நாற்பத்திரண்டு வீடும் எட்டு ஃபோல்டரும்

“சார்... இன்னும் எவ்வளவு உள்ளே போகணும்?”

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செஞ்சி தாலுகா ஆபீசில் ஒரு பெண் அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கையில் மவுஸ். கண் திரையில். அப்போது அவர் ஆறாவது ஃபோல்டரைத் திறந்துகொண்டிருந்தார்.

“இன்னும் ரெண்டுதான் மேடம்” என்றேன் பெருமையாக.

ஆமாம், பெருமையாகத்தான். இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். கல்லூரி நூலகர். இருபத்தெட்டு வருடமாகப் புத்தகங்களுக்கு எண் ஒட்டி, இனம் பிரித்து, அலமாரியில் நிறுத்துகிற ஆள். எதையும் அடுக்காமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் மசாலா டப்பாக்களை அகர வரிசையில் வைத்து, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை இதே பத்தியில் எழுதியிருக்கிறேன்.

அதைப் படித்துவிட்டுத்தான் செல்வி என்னைப் பிடித்தார்.

செல்வி செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். சர்க்கரை பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, “சார், நீங்கதான அந்த மசாலா டப்பா எழுதினது?” என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

சிங்கவரம் போகிற வழியில் அவருடைய குடியிருப்பு. நாற்பத்திரண்டு வீடு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள், இரண்டு தலைமுறையாக அங்கே வீடு கட்டி வாழ்கிறார்கள். இன்று அந்த வீடுகளில் நர்ஸ் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், துபாயில் கிரேன் ஓட்டுகிறவர் இருக்கிறார். ஆனால் மனைப் பட்டா மட்டும் ஒருவரிடமும் இல்லை. மூன்று முறை விசாரணை நடந்து, மூன்று முறையும் ஆவணமோ ஆளோ போதாமல் தள்ளிப் போனது. ஒருமுறை ஒருவர் ரேஷன் கார்டை மறந்து வந்தார். ஒருமுறை பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைத்துவிடுவது என்று செல்வி முடிவு செய்தார்.

இரண்டு மாதம்... ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய், செல்போனிலேயே ஸ்கேன் செய்திருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், மின் இணைப்பு அட்டை, வீட்டின் போட்டோ. எல்லாம் கிளவுடில், ஒரே குவியலாக.

“கொட்டிக் கெடக்குது சார். கொஞ்சம் அடுக்கிக் குடுங்களேன்.”

என்னிடம் போய் இதைச் சொல்லலாமா?

ஒரு வாரம் லீவு போடாத குறையாக உட்கார்ந்தேன். மாவட்டத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் வட்டம். அதற்குள் ஊர். அதற்குள் தெரு. அதற்குள் வீட்டு எண். அதற்குள் குடும்பத் தலைவர் பெயர், அப்பா பெயரோடு. அதற்குள் ஆவண வகை. அதற்குள் ஆண்டு. ஆண்டுக்குள்ளேதான் கோப்பு! எல்லாம் முழுப் பெயரில், சுத்தத் தமிழில். கிழக்குத் தெரு என்று சுருக்கமாக எழுத மனசு வரவில்லை. ‘கிழக்குத் தெரு விரிவாக்கப் பகுதி - மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அருகில்’ என்று எழுதினேன். தெளிவாக இருக்க வேண்டாமா?

விசாரணைக்கு முதல் நாள் மாலை. வெளியாட்கள் தங்கள் கணக்கை ஆபீஸ் கணினியில் திறக்கக் கூடாது, பென் டிரைவில் கொண்டுவாருங்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மொத்த ஃபோல்டரையும் வீட்டுக் கணினியில் இறக்கினேன். ‘ஜிப்’ கோப்பாக மூட்டை கட்டி வந்தது. மூட்டையைப் பிரித்தேன். பாதியில் திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. கோப்பின் பெயர் மிக நீளம், இந்த இடத்தில் வைக்க முடியாது, விட்டுவிடவா என்று கேட்டது.

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் ‘விட்டுவிடு’ என்பதை அழுத்தினேன். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை, ‘எல்லாவற்றுக்கும் இதையே செய்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, காபி குடிக்க எழுந்து போய்விட்டேன். ஏதோ ஒன்றிரண்டு கோப்பு, எதுவாக இருந்தால் என்ன... கணினி சும்மா பயமுறுத்துகிறது என்று நினைத்தேன்.

அப்போது செல்வி போன் செய்தார்.

“எல்லாம் வந்துடுச்சா சார்?”

“நூத்துக்கு நூறு வந்துடுச்சும்மா” என்றேன்.

மறுநாள் காலை ஆபீஸ் நிரம்பியிருந்தது. வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்று செல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பக்கத்தில் முனுசாமி நின்றார். கட்டட மேஸ்திரி. புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

அதிகாரி நல்ல மாதிரி. எல்லாரையும் உட்காரச் சொன்னார். பென் டிரைவைச் செருகி, மேற்குத் தெருவில் முதல் வீட்டைத் திறந்தார். எட்டு ஃபோல்டர் கடந்து ஒரு ரேஷன் கார்டு. பின்னால் வந்து, மறுபடி உள்ளே போய் ஆதார். மறுபடி பின்னால்... மூன்றாவது வீட்டில் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கிழக்குத் தெரு வந்தது. வீட்டு எண் முப்பத்தாறு. முனுசாமி, தந்தை பெயர் கோவிந்தன். திறந்தார்.

காலி.

முப்பத்தேழு. காலி. முப்பத்தெட்டு... அதுவும் காலி. கிழக்குத் தெருவில் ஏழு வீடு. ஏழும் வெறும் ஃபோல்டர். உள்ளே ஒரு காகிதம் இல்லை.

முனுசாமி திரையை எட்டிப் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. ஆனால் வெள்ளையாக இருந்தால் ஒன்றும் இல்லை என்பது யாருக்கும் தெரியும்.

“இன்னா சார்... என் ஊடு இல்லன்னு வருதா?”

நான் மவுஸை வாங்கி முப்பத்தாறை மறுபடி திறந்தேன், அப்போதும் காலி.

சோதனை அதோடு முடியவில்லை. குடியிருப்போர் சங்கம் பல வருடத்துக்கு முன் கொடுத்த மனுவில் ஒரு பட்டியல் உண்டு. யார் எந்த வீட்டில் எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்று. கையெழுத்துப் போட்ட பிரதி செல்வியிடம் இருக்கிறது, ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துவிட்டது. நல்லவேளையாக அன்று டைப் செய்த கோப்பு ஒரு பழைய சிடியில் இருந்து, அதையும் சேர்த்திருந்தோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அதிகாரி அதைத் திறந்தார்.

திரை முழுவதும் ஆங்கில எழுத்து. நடுநடுவே கொம்பு, புள்ளி, பாதிக் கட்டம். மந்திரவாதி தகட்டில் எழுதியதுபோல் இருந்தது.

“இது என்ன மொழி சார்?”

தமிழ்தான். ஆனால் அந்தக் காலத்து ஃபான்ட். அந்த எழுத்து எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கே மட்டும் தமிழாகத் தெரியும். என் வீட்டுக் கணினியில் அது இருக்கிறது. அதனால் எனக்கு அழகாகத் தெரிந்தது. வேறு எங்கேயாவது திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து.

“மூணு மணிக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க. இன்னிக்கே பதிவு பண்ணிடறேன். இல்லன்னா நாற்பத்திரண்டு வீட்டையும் சேர்த்து அடுத்த விசாரணைக்குத்தான் வைக்கணும். ஒரே மனு, பாதியை மட்டும் எடுத்துக்க முடியாது.”

வெளியே வந்தோம். வாசலில் ஒரு புங்கமரம். அதன் அடியில் நின்று செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி எட்டிப் பார்த்தது, டிக் போட்டது, காபி குடிக்கப் போனது. ஒன்றையும் மறைக்கவில்லை.

செல்வி அந்த மடிப்பு விழுந்த காகிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தார். கத்தியிருந்தால் தேவலாம்.

“கேட்டேனே சார்... எல்லாம் வந்துடுச்சான்னு கேட்டேன்ல?”

“கேட்டீங்கம்மா.”

“தெரில, பாத்து சொல்றேன்னு சொல்லியிருந்தீங்கன்னா நேத்தே முடிச்சிருக்கலாம். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நானும் பாக்கல பாருங்க.”

எனக்கு உறைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். என் தன்னம்பிக்கையை அவர் அப்படியே நம்பியிருக்கிறார்.

முனுசாமி குறுக்கே வந்தார். “எங்க போவணும் சொல்லுங்க. ஆட்டோ புடிக்கிறேன்” என்றார்.

என் வீடு தூரம், போய்த் திரும்ப நேரமில்லை. கடைத்தெருவில் அப்பாண்டைராஜின் டிடிபி கடைக்குப் போனோம். ஊரில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்ச் சமணக் குடும்பம். அப்பா மணிலா, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பார்த்தார், இவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். கடையில் இரண்டு கணினி. ஒன்று புதுசு. இன்னொன்று, தூசி உறை போட்டு மூலையில் கிடக்கிற பழசு.

விஷயத்தைக் கேட்டதும், பத்திரிகை மாடல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம், “அரை மணி டீ சாப்டு வாங்க, முகூர்த்தம் தை மாசம்தான்” என்று அனுப்பிவிட்டார்.

புதுக் கணினியில் என் கிளவுட் கணக்கைத் திறந்தோம். கிழக்குத் தெருவின் ஏழு வீடும் அங்கே பத்திரமாக இருந்தன. எதுவும் தொலையவில்லை! இறக்கும்போதுதான் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏன்?

அப்பாண்டைராஜ் சிரித்தார். “சார், செஞ்சின்னு எத்தனை எழுத்து?”

“மூணு.”

“நமக்கு மூணு. இதுக்கு ஆறு. ‘ச’ ஒண்ணு, கொம்பு ஒண்ணு. ‘ஞ’ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. மறுபடி ‘ச’ ஒண்ணு, கொக்கி ஒண்ணு. தமிழ்ல பேர் வெச்சா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா எண்ணும். நீங்க எட்டு ஃபோல்டர் பேரையும் வரிசையா சேத்துப் பாருங்க... வழியே ஒரு பாரா இருக்குது. அதுக்கு ஒரு அளவு உண்டு சார், அதத் தாண்டிட்டா வாங்க மாட்டேங்குது.”

கிளவுடில் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கட்டலாம்போல் இருக்கும். நம் கணினிக்குக் கொண்டுவரும்போதுதான் வாசல் நிலையில் தலை இடிக்கும். மேற்குத் தெருவுக்குப் பெயர் சிறியது, தப்பித்தது. நான் தண்ணீர்த் தொட்டியெல்லாம் சேர்த்து ஆசையாகப் பெயர் வைத்த தெரு மாட்டிக்கொண்டது.

“அப்ப அந்த ஏழு வீட்டுக்கு மட்டும் பேரைச் சுருக்கிடலாம்” என்றேன்.

“வேணாம் சார்” என்றார் செல்வி. “நாப்பத்திரண்டையும் மாத்தணும். அந்த மேடம் ஒவ்வொரு காயிதத்துக்கும் எட்டு வாட்டி தொறந்து தொறந்து மூடணுமா? பாவம், மூணாவது ஊட்டுலயே அலுத்துட்டாங்க.”

“நேரம் இருக்காதும்மா...”

“சார், எங்க லேப்ல காலைல எத்தினி பேர் வராங்க, நீங்களே பாத்திருக்கீங்க. டியூப் மேல அவங்க ஊர்க் கதையா எழுதறோம்? நம்பர் ஒண்ணு, பேர் ஒண்ணு. அவ்ளோதான். இதுவரைக்கும் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்குப் போனதில்ல.”

நாற்காலியை அவருக்கு விட்டுக் கொடுத்தேன்.

முதலில் ஃபோல்டரே வேண்டாம், எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரே இடத்தில் போடலாம் என்றார். என்னை மவுஸைப் பிடிக்கச் சொன்னார். மேற்குத் தெருவின் முதல் வீட்டுக் கோப்புகளை இழுத்துப் போட்டேன். இரண்டாவது வீட்டைப் போட்டேன். ஒரு பெட்டி வந்தது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது.

என் விரல் தானாக இறங்கியது.

“சார்!”

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஊசி போடும்போதுகூட அவ்வளவு அழுத்திப் பிடித்ததில்லை.

அப்போதுதான் பார்த்தேன். எல்லா வீட்டிலும் கோப்பின் பெயர் ‘ரேஷன் கார்டு’தான். எந்த வீட்டின் கார்டு என்று சொல்வது ஃபோல்டர் மட்டுமே. நான் அழுத்தியிருந்தால் இரண்டாவது வீட்டுக் கார்டு முதல் வீட்டுக் கார்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படியே போயிருந்தால் கடைசியில் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு ஒரே ரேஷன் கார்டு மிஞ்சியிருக்கும்.

“கேக்கறது என்னான்னு படிச்சிட்டு அப்பறம் அமுக்குங்க சார்” என்றார் செல்வி, கையை விட்டுவிட்டு.

சரி, திட்டத்தை மாற்றினோம். ஃபோல்டர் வேண்டும், ஆனால் ஒரே அடுக்கு. வீட்டுக்கு ஒன்று. ‘36 முனுசாமி’ என்றால் 36 முனுசாமி. உள்ளே நான்கு கோப்பு. அதன் பெயரிலும் வீட்டு எண். ‘36 ரேஷன்’, ‘36 ஆதார்’. எங்கே தனியாக விழுந்து கிடந்தாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

செல்வி பெயர் மாற்ற, நான் இழுத்துப் போட, முனுசாமி பக்கத்தில் நின்று வீட்டு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நாற்பத்திரண்டு வீடும் அவருக்கு மனப்பாடம். பாதி வீட்டுக்குச் சுவர் வைத்ததே அவர்தான். “இருவத்தொண்ணு அமுதா. இருவத்திரண்டு... சார், அது பழைய நம்பரு, கதவுல இப்ப வேற போட்ருக்குது” என்று இரண்டு இடத்தில் என் தப்பைத் திருத்தினார். எந்த நூலகத்திலும் எனக்கு இப்படி ஓர் உதவியாளர் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் அப்பாண்டைராஜ் மூலையில் கிடந்த பழைய கணினியின் உறையை எடுத்தார். கிளம்ப ஐந்து நிமிடம் முனகியது. சங்கத்தின் பட்டியலை அதில் திறந்தார். தமிழ்! சுத்தமான, படிக்கக்கூடிய தமிழ். அந்தப் பழைய எழுத்து அவரிடம் இருந்தது.

“இதை இப்படியே பிடிஎஃப் ஆக்கிடறேன் சார். எழுத்தையும் சேத்து உள்ள வெச்சுத் தெச்சுடும். அப்பறம் எந்த ஊர்ல தொறந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்.”

“பழைய எழுத்தெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களே?”

“கல்யாணத்துக்கு அடிச்ச பத்திரிகைய எடுத்துக்கினு அறுபதாம் கல்யாணத்துக்கு வராங்க சார். ‘அதே மாதிரி வேணும்’ங்கிறாங்க. நான் எங்க தூக்கிப் போடறது?”

மதியச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இரண்டு இருபதுக்கு வேலை முடிந்தது. நான் பென் டிரைவைப் பிடுங்கப் போனேன். செல்வி விடவில்லை. அதைப் பழைய கணினியில் செருகி, முதல் வீட்டிலிருந்து நாற்பத்திரண்டாவது வீடு வரைக்கும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தார். பட்டியலை மட்டும் புதுக் கணினியில் திறந்தார், அந்தப் பழைய எழுத்து இல்லாத அங்கேயும் தமிழாகவே தெரிந்தது. நான் வாசலுக்கும் கணினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஓர் ஆதாரின் பின்பக்கம் தலைகீழாக இருந்தது. அதையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

இரண்டு ஐம்பதுக்கு ஆபீசில் இருந்தோம்.

அதிகாரி பென் டிரைவைத் திறந்தார். ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை வரிசையாக நின்றன. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு கிளிக், வீடு. இன்னொரு கிளிக், கார்டு. பட்டியலைத் திறந்தார், செல்வியின் மடிப்பு விழுந்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்து விரலால் ஒப்பிட்டார். அழிந்துபோன நான்கு பெயரையும் படித்துவிட்டார்.

“முப்பத்தாறு. முனுசாமி, தந்தை பெயர் கோவிந்தன்.”

“இருக்கறேன் மேடம்” என்றார் முனுசாமி. கூப்பிட்டதற்குப் பதில்தான் அது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்கே முக்காலுக்கு நாற்பத்திரண்டு வீடும் பதிவாகிவிட்டன. பட்டா அன்றே கைக்கு வரவில்லை, அப்படி வராது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் திங்கட்கிழமை சர்வேயர் வந்து அளந்தார். தெருவே கூடி நின்றது. கிழக்குத் தெருவில் அளக்கும்போது முனுசாமி சங்கிலியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

நான் கற்றுக்கொண்டது என்ன? அடுக்குவதை விடப் போவதில்லை, அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் எதையாவது அடுக்கி முடித்ததும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, “இதில் இன்னதை எடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்கிறேன். அவர் தடுமாறினால் தப்பு அவர்மேல் இல்லை. நாம் ஒழுங்கு என்று நினைப்பது பல நேரம் நம் மூளையின் வரைபடம்தான். அடுத்தவர் அதில் எப்படி நடப்பார்? அப்புறம்... கணினி ஏதாவது கேட்டால் படிக்கிறேன். முழுசாக. காபி ஆறினாலும் பரவாயில்லை.

சர்வேயர் போன பிறகு எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முனுசாமி மெதுவாக என் பக்கம் வந்தார்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? பட்டா பட்டான்றாங்க, நான் கண்ணால பாத்ததே இல்ல. உங்க ஊட்டுப் பட்டாவ ஒரு தபா காட்றீங்களா?”

“அதுக்கென்ன, இன்னிக்கே காட்டறேன்” என்றேன்.

இன்று வியாழக்கிழமை. எங்கேயோ மிகவும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்... அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை!